வெற்றிச்செல்வி பயந்த ஆட்டங்கள்

ஆண்டிமடத்துக்குக் கிழக்கே ஒரு முந்திரிக்காட்டு ஊரில் பிறந்த வெற்றிச்செல்வி, ஒரு காலத்தில் எதற்கும் பயப்படாதவள் என்று பெயர் எடுத்தவள். பள்ளிக்கூடக் கால்பந்து அணியில் அவள்தான் ஸ்டாப்பர். கோல்கீப்பருக்கு முன்னால் கடைசி ஆளாக நிற்பாள். உயரத்தில் பந்து வந்தால் மற்ற பெண்கள் கண்ணை மூடிக்கொண்டு குதிப்பார்கள். இவள் திறந்த கண்ணோடு குதிப்பாள். பந்து அவள் நெற்றியில் பட்டுத் தெறிக்கிற சத்தம் ரோட்டோரத்து டீக்கடை வரைக்கும் கேட்கும்.

அம்மா ரத்தினம்மாளுக்கு முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலை. கொட்டைப்பால் பட்டுக் கறுத்த விரல்களால் மகளின் நெற்றியைத் தடவிப் பார்த்துத் திட்டுவாள். "மண்டையால முட்டறதுக்கு நீ என்ன கெடாவாடி?"

அந்த மண்டைதான் அவளுக்குத் திருச்சியில் ஒரு கல்லூரியில் இடம் வாங்கிக் கொடுத்தது. மாநில அணிக்கான முகாமுக்கும் கூட்டிக்கொண்டு போனது. முகாம் முடிந்து பட்டியல் வருவதற்கு முன்னால் கல்லூரி அணியோடு கடலூருக்கு ஒரு போட்டிக்குப் போனாள்.

கடலூரில் நடந்ததை அவள் மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். ஒரு கார்னர் பந்துக்கு இவளும் எதிரணிப் பெண் ஒருத்தியும் ஒன்றாக எழும்பியிருக்கிறார்கள். பந்து இரண்டு பேர் மேலும் படவில்லை. தலையும் தலையும் மோதின. விழுந்த வெற்றிச்செல்வி தானே எழுந்து, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, கடைசி விசில் வரைக்கும் ஆடினாள். அதுவும் நன்றாகவே ஆடினாளாம்.

திரும்பி வரும்போது பஸ் விருத்தாசலத்தைத் தாண்டியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிநேகிதி நந்தினியிடம் அவள் கேட்டாள்.

"மேட்ச் எத்தன மணிக்குடி?"

நந்தினி விழுந்து விழுந்து சிரித்தாள். முன் சீட்டுக்காரிகளுக்கும் சொன்னாள். பஸ்ஸே சிரித்தது. எல்லாரும் சிரிக்கிறார்களே என்று வெற்றிச்செல்வியும் சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து அதையே மறுபடியும் கேட்டாள். இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

அடுத்த வாரம் பயிற்சியில், யாரோ விளையாட்டாகத் தூக்கிப் போட்ட பந்து அவள் தலையில் பட்டது. காற்று குறைந்த பந்து, அடி என்று சொல்ல முடியாது. நின்ற இடத்திலேயே சரிந்தாள்.

கண் விழித்தபோது ஆஸ்பத்திரி. அதற்குப் பிறகுதான் பயம் வந்தது. மாதக்கணக்கில் வெளிச்சம் பார்க்க முடியவில்லை. ஜன்னலில் புடவையைக் கட்டி இருட்டாக்கிய அறையில் கிடந்தாள். தண்ணீர் கேட்க நினைத்து வாயைத் திறந்தால் வேறு வார்த்தை வந்து விழுந்தது. சாவியைக் கரண்டி என்றாள். அம்மாவை ஒருநாள் "டீச்சர்" என்று கூப்பிட்டாள். ரத்தினம்மாள் அடுப்படிக்குப் போய் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதது இவள் காதில் விழுந்தது. தூங்கப் பயந்தாள். விழிக்கும்போது இன்னும் எத்தனை பேர் பெயர் காணாமல் போயிருக்குமோ என்று பயந்தாள். மாநில அணிப் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. அதை அம்மா அவளிடம் சொன்னது அடுத்த வருஷம்தான்.

வார்த்தைகள் மெல்லத் திரும்பி வந்தன. கால்பந்து வரவில்லை. இனிமேல் தலையில் ஒரு அடி கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மிச்சப் படிப்பை முடித்து, அரியலூரில் ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டு டீச்சரானாள். அங்கேதான் இளையபெருமாள் அவளைப் பிடித்தார். அரியலூர் கடைத்தெருவில் பெயின்ட் கடை வைத்திருந்தவர். கால்பந்துப் பைத்தியம். பெண்களுக்கென்று ஒரு கிளப் ஆரம்பித்து, அதை நடத்தத் தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தார்.

"கோச்சு, மேனேஜரு எல்லாம் நீதாம்மா. யாரு ஆடணும், யாரு ஆடக்கூடாதுன்னு நீ சொல்றதுதான். நா குறுக்க வர மாட்டேன்."

தனக்கு இனிமேல் ஆபத்து இல்லாத வேலை என்று எண்ணித்தான் ஒப்புக்கொண்டாள். முதல் ஆட்டத்திலேயே அந்த எண்ணம் போய்விட்டது. உள்ளே ஆடிய காலத்தில் பயமெல்லாம் விசில் ஊதுகிறவரைக்கும்தான். இப்போது விசில் ஊதிய பிறகுதான் ஆரம்பித்தது. பதினொரு பெண்கள், பதினொரு தலைகள். எந்தத் தலையைப் பார்ப்பது? பந்து மேலே எழும்பினாலே பெஞ்சை விட்டு எழுந்துவிடுவாள். எல்லைக்கோட்டின் மேல் நின்று துப்பட்டா நுனியைக் கடித்துக்கொண்டே ஆட்டம் பார்க்கிற மேனேஜரைச் சுற்றுவட்டாரத்தில் யாரும் பார்த்ததில்லை.

யாராவது மோதி விழுந்தால், எழுந்ததும் கூப்பிடுவாள். "எந்த ஊரு கிரவுண்டு இது? இப்ப எந்தப் பாதி? கடைசியா கோல் போட்டது யாரு?" பெண்கள் பதில் சொல்லிவிட்டு ஓடுவார்கள். வேனில் திரும்பும்போது அவளைப் போலவே குரல் மாற்றி ஒருத்தியை ஒருத்தி கேட்டுச் சிரித்துக்கொள்வார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிடுவாள். ஆனாலும் பஸ்ஸிலோ வேனிலோ பெண்கள் சேர்ந்து சிரிக்கிற சத்தம் கேட்டால் அவளுக்கு முதுகு சில்லிடும்.

பயிற்சியில் தலையால் ஆட அவள் ரொம்பச் சொல்லிக்கொடுக்கவில்லை. மற்ற அணிகளுக்கு அது தெரிந்துபோயிற்று. கார்னர் கிடைத்தால் உயரத் தூக்கிப் போட்டார்கள். கோல் விழுந்தது.

"பயந்தாங்கொள்ளி டீமுன்னு பேசிக்கிறாங்கம்மா," என்றார் இளையபெருமாள்.

"பேசிக்கட்டும் சார்."

"எனக்கு ஒருமாதிரியா இருக்கும்மா."

"எனக்கும்தான் சார்," என்றாள். அவள் சொன்னது வேறு.

அப்படிப்பட்ட அணியைத் தூக்கி நிறுத்தியவள் இலக்கியா. உடையார்பாளையம் பக்கத்துப் பெண், கோல்கீப்பர். கை நீளம், நெஞ்சில் அச்சம் கிடையாது. உயரப் பந்துகளை மற்றவர்கள் தலைக்கு மேலேயே பறித்துவிடுவாள். அவள் வந்த பிறகு கார்னர் கோல்கள் நின்றன. அவளுடைய அப்பா அன்பழகன் சிமெண்ட் லாரி ஓட்டுகிறவர். லோடு இல்லாத நாளெல்லாம் மகளின் ஆட்டத்துக்கு வந்து கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மகள் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு அரசாங்க வேலைக்குப் போய்விட வேண்டும், தன்னைப் போல் ரோட்டில் கிடக்கக் கூடாது, அவ்வளவுதான் அவருக்கு.

அந்த நாளும் வந்தது. பெரம்பலூரில் நடந்த ஒரு போட்டியில் அணி இறுதியாட்டத்துக்கு வந்துவிட்டது. ஒரு அரசுத் துறையின் மகளிர் அணிக்கு ஆள் எடுக்கிற இரண்டு பேர் அன்றைக்கு வந்திருந்தார்கள். அவர்கள் பார்க்க வந்ததே கோல்கீப்பரைத்தான் என்று இளையபெருமாளே விசாரித்துக்கொண்டு வந்து சொன்னார். பந்தல் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அன்பழகன் வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். மாற்றுக் கீப்பர் காய்ச்சலில் படுத்துவிட்டாள். இலக்கியாவை விட்டால் கையுறை மாட்ட ஆளில்லை.

முதல் பாதியிலேயே அரியலூர் அணி ஒரு கோல் போட்டது. இரண்டாம் பாதி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. எதிரணிப் பெண் ஒருத்தி பந்தோடு தனியாகப் பாய்ந்து வந்தாள். இலக்கியா கோலை விட்டு வெளியே ஓடி, அவள் காலடியில் விழுந்து பந்தை அணைத்துக்கொண்டாள். ஓடி வந்தவளின் முட்டி இலக்கியாவின் நெற்றிப்பொட்டில் இடித்தது.

கூட்டம் கைதட்டியது. பந்து கையைவிட்டு நழுவவில்லை.

வெற்றிச்செல்வி கோட்டுக்கு வெளியே ஒற்றைக்கால் முன்னால் வைத்தபடி உறைந்து நின்றாள். ரெஃப்ரி குனிந்து கேட்டார். இலக்கியா தலையை ஆட்டினாள், எழுந்தாள், சிரித்தாள்கூட. பந்தைத் தூரமாக உதைத்தாள். ஆட்டம் தொடர்ந்தது. எல்லாரும் பந்தைப் பார்த்தார்கள். வெற்றிச்செல்வி மட்டும் இலக்கியாவின் கையைப் பார்த்தாள்.

இலக்கியா கையுறைப் பட்டையை அவிழ்த்தாள். கட்டினாள். அவிழ்த்தாள். கட்டினாள். மறுபடியும் அவிழ்த்தாள்.

எனக்குத்தான் அப்படித் தெரிகிறதோ என்று வெற்றிச்செல்வி நினைத்தாள். நான் பயந்தவள். எதைப் பார்த்தாலும் எனக்கு அதுதான் தெரியும். கையுறை தளர்ந்திருக்கலாம். பந்து வெளியே போனதும் ரெஃப்ரியிடம் கை காட்டிவிட்டுக் கோலுக்குப் பக்கத்தில் ஓடினாள்.

"இலக்கியா, கடைசியா கோல் போட்டது யாரு?"

இலக்கியா அவளை உற்றுப் பார்த்தாள். யோசித்தாள். பிறகு ரகசியம் சொல்கிறவளைப் போலக் குனிந்து சொன்னாள். "நாம இன்னும் போடலயேக்கா. செகண்டு ஆஃப்ல போட்டுருவோம்."

வெற்றிச்செல்வி ரெஃப்ரியின் பக்கம் திரும்பினாள். கை தூக்கி மாற்று ஆட்டக்காரரைக் கேட்டாள்.

இளையபெருமாள் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "என்னம்மா பண்ற? அவங்க ரெண்டு பேரும் பாத்துக்கிட்டு இருக்காங்கம்மா. இன்னுங் கொஞ்ச நேரந்தான். முடியட்டும், அப்பறம் ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிட்டுப் போறேன்."

"இன்னொரு தடவ பட்டா என்ன ஆவும்னு உங்களுக்குத் தெரியுமா சார்?"

"படாதும்மா."

"அப்படித்தான் நானும் நெனச்சேன்."

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அன்பழகன் கத்தினார். "ஏம்மா, எம்புள்ள நல்லாத்தானம்மா நிக்கிறா! அவ பொழப்புல மண்ண அள்ளிப் போடாத!"

இலக்கியா வர மறுத்தாள். கோல் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு ஒண்ணுமில்லக்கா. அப்பா பாக்குறாருக்கா. விட்டுருக்கா." வெற்றிச்செல்வி அவள் விரல்களைக் கம்பத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கூட்டம் ஊளையிட்டது. ஒரு தண்ணீர் பாட்டில் பறந்து வந்து வெற்றிச்செல்வியின் தோளில் பட்டுக் கீழே விழுந்தது. உயரமான ஸ்டாப்பர் பெண் ஒருத்தி கையுறையை மாட்டிக்கொண்டு கோலுக்குப் போனாள். அடுத்தடுத்து இரண்டு கோல் வாங்கினாள். கோப்பை போயிற்று. அதைப் பார்க்க வெற்றிச்செல்வி அங்கே இல்லை. அணியை இளையபெருமாளிடம் விட்டுவிட்டு, இலக்கியாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். பின்னாலேயே அன்பழகன் பைக்கில் வந்தார்.

ஸ்கேன் எடுக்க உள்ளே கூட்டிப் போனார்கள். வெளியே பெஞ்சின் ஒரு முனையில் அவர், மறுமுனையில் இவள்.

"உள்ள ஒண்ணுமில்லைன்னு வந்துச்சின்னா," என்றார் அன்பழகன், சுவரைப் பார்த்தபடி, "இனிமே எங்க மூஞ்சில முழிக்காதீங்க."

வெற்றிச்செல்வி ஸ்கேன் அறைக் கதவைப் பார்த்தாள். அந்த நேரத்தில் அவள் மனதில் ஒரு நினைப்பு ஓடியது. ஏதாவது இருந்துவிட்டால் நான் செய்தது சரியென்று ஆகிவிடும். வந்த வேகத்திலேயே அது போய்விட்டது. ஆனால் வந்ததே! ஒரு பெண்ணின் தலைக்குள் ரத்தம் கசிந்திருக்க வேண்டும் என்றா நான் நினைத்தேன்? அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. முட்டியால் இடித்த பெண்ணையும், பாட்டில் எறிந்தவனையும், அன்பழகனையும்விடத் தன்னைக் கண்டுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. எழுந்துபோய்க் குழாயடியில் வாந்தி எடுத்தாள்.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை.

"ரத்தக்கசிவு இல்ல," என்றார் டாக்டர். "ஆனா மூள அதிர்ந்திருக்கு. அது ஸ்கேன்ல தெரியாது. தலவலி, வாந்தி, மயக்கம் வந்தா உடனே கூட்டிட்டு வாங்க. நா சொல்ற வரைக்கும் விளையாட்டு கூடாது. ரெஸ்ட்ல இருக்கணும்."

அன்பழகனுக்கு முதல் வார்த்தை மட்டும்தான் காதில் விழுந்தது. மகளைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு இவளைத் திரும்பிப் பார்க்காமல் போனார். அந்தத் துறைக்காரர்கள் எதிரணிக் கீப்பரின் பெயரை எழுதிக்கொண்டு போய்விட்டதாக இளையபெருமாள் போனில் சொன்னார். அவர் குரலில் கோபம் இல்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

போன் போட்டாள், இலக்கியா எடுக்கவில்லை. அன்பழகனும் எடுக்கவில்லை. வேலையை விட்டுவிடலாமா என்று யோசித்தாள். பெரம்பலூரில் நடந்ததைக் கேள்விப்பட்டு நந்தினி சென்னையிலிருந்து பேசினாள். அவளுக்கு இப்போது கல்யாணமாகிக் குழந்தைகள் இருந்தன.

"அன்னிக்கி பஸ்ஸுல நீ கேட்டப்ப நாங்க சிரிச்சோம்ல செல்வி," என்றாள் நந்தினி. பிறகு, "போயி அந்தப் புள்ளயப் பாத்துட்டு வா," என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உடையார்பாளையம் போய் இறங்கி, ஊருக்குள் நடந்தாள். வாசல்வரை போனவளுக்குக் கதவைத் தட்டக் கை எழவில்லை. உள்ளிருந்து இலக்கியாவின் அம்மா வீராயி எட்டிப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தாள் வெற்றிச்செல்வி. வீராயி தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அவள் கையைப் பிடித்துச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"வெளியில யாருக்கும் தெரியக்கூடாதுன்னு இவங்கப்பா சொல்லிட்டாரும்மா. தெரிஞ்சா எந்த டீமுலயும் சேக்க மாட்டாங்களாம்."

உள் அறை ஜன்னலில் ஒரு பழைய புடவை கட்டியிருந்தது. இருட்டில் இலக்கியா கண்ணுக்கு மேல் ஈரத்துண்டு போட்டுப் படுத்திருந்தாள். வெற்றிச்செல்வி நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். அந்த அறை அவளுக்குத் தெரிந்த அறை. திரும்பி ஓடிவிடலாம் போலிருந்தது.

"யாரும்மா?" என்றாள் இலக்கியா.

"நாந்தான்."

வெற்றிச்செல்வி உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தாள். இலக்கியா துண்டை எடுக்காமலேயே கேட்டாள்.

"அக்கா, நா பைத்தியமாயிருவனா?"

"வெளிச்சம் குத்துதா?"

"ம்."

"ஒண்ணு சொல்ல நெனச்சா வேற ஒண்ணு வருதா?"

இலக்கியா அவள் பக்கம் தலையைத் திருப்பினாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்? நா அம்மாகிட்டக்கூடச் சொல்லல."

அன்றைக்கு வெற்றிச்செல்வி தன் கதையை முதல் தடவையாக ஒருத்தியிடம் முழுக்கச் சொன்னாள். கரண்டி, சாவி, அம்மாவை டீச்சர் என்று கூப்பிட்டது, தூங்கப் பயந்தது, எல்லாம். கடைசியில் இலக்கியா துண்டுக்கு அடியில் அழுதுகொண்டே கொஞ்சம் சிரித்தாள். "நா எங்கப்பாவ டிரைவரேன்னு கூப்புட்டேன்க்கா," என்றாள்.

வெளியே வந்தபோது அன்பழகன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தாரோ, எவ்வளவு கேட்டாரோ தெரியவில்லை. "பஸ் ஸ்டாண்டுல எறக்கி விடறேன், ஏறுங்க," என்றார். பைக்கைக் கிளப்பாமல் அதன்மேலேயே உட்கார்ந்திருந்தார்.

"சரியாயிருமா மேடம்?"

"ஆயிரும்னு நெனைக்கிறேன்."

"நெனைக்கிறீங்களா?"

"எனக்கு ரெண்டு தடவ பட்டுச்சுங்க. எனக்கே இந்தளவுக்குச் சரியாயிருச்சு. அவளுக்கு ஒரு தடவதான்."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ராத்திரியெல்லாம் அவ மூச்சு வுடறாளான்னு போயிப் போயிப் பாக்குறேங்க," என்றார். பைக்கைக் கிளப்பினார். மறுநாளே திருச்சிக்குப் பெரிய டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். வெற்றிச்செல்வியும் கூடப் போனாள்.

இலக்கியா தேறி வர நாளாயிற்று. புடவையை முதலில் பாதி விலக்கினார்கள், பிறகு அவிழ்த்தார்கள். ஓடினாள். பந்தைத் தொட்டாள். ஆடலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகும் வெற்றிச்செல்வி அவளைப் பல ஆட்டங்களுக்கு வெளியே உட்கார வைத்தாள்.

"எப்பக்கா எறக்குவீங்க?" என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அடுத்த மேட்ச்சு."

"இதையேதான் போன மாசமும் சொன்னீங்க. டாக்டரே பயப்படலக்கா."

கடைசியில் ஜெயங்கொண்டத்தில் ஒரு ஆட்டத்தில் இறக்கினாள். இறக்கிவிட்டு நிற்க முடியாமல் பெஞ்சில் உட்கார்ந்தாள். உட்கார முடியாமல் எழுந்தாள். முதல் பாதியிலேயே எதிரணிக்குக் கார்னர் கிடைத்தது. பந்து உயரமாக வளைந்து வந்தது. ஏழெட்டுப் பெண்கள் ஒரே இடத்தில் எழும்பினார்கள், நடுவில் இலக்கியாவின் நீளக் கைகள். எலும்பில் எலும்பு மோதுகிற சத்தம் ஒன்று கேட்டது. எல்லாரும் ஒருவர் மேல் ஒருவராக விழுந்தார்கள்.

அதற்குப் பிறகு என்ன செய்தோம் என்று வெற்றிச்செல்விக்கு நிதானமில்லை. பார்க்கும்போது மைதானத்துக்கு நடுவில் ஓடிக்கொண்டிருந்தாள். செருப்பு ஒன்று எங்கோ கழன்றுபோயிருந்தது. ரெஃப்ரி விசில் ஊதவே இல்லை. ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. குவியலுக்குள்ளிருந்து இலக்கியா பந்தோடு எழுந்து நின்றாள். மோதியது யாரோ இரண்டு பேரின் கால் எலும்புகள்.

ரெஃப்ரி விசிலை ஊதினார். சட்டைப்பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்து மேனேஜரின் முகத்துக்கு நேராகக் காட்டினார். வேலிக்கு வெளியே அன்பழகன் ஒரு கையால் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவரும் பாதி வேலி ஏறியிருந்தார்.

"அக்கா," என்றாள் இலக்கியா பல்லைக் கடித்துக்கொண்டு, "இது ஜெயங்கொண்டம். ஃபர்ஸ்டு ஆஃப். இன்னும் யாரும் கோல் போடல. வெளிய போங்க, மானம் போவுது."

வெற்றிச்செல்வி ஒற்றைச் செருப்போடு கோட்டுக்கு வெளியே வந்து நின்றாள். பந்து மறுபடியும் மேலே எழும்பியது.